ஏடிவியின் பின் பிரேக்: பிடிமானக் கணக்கும் ஸ்பேனர் வேலையும்

ஏடிவி (காடுமேட்டில் ஓட்டும், ஹேண்டில்பார் உள்ள நான்கு சக்கர வண்டி) வைத்திருப்பவர்கள் சொல்லும் "பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை" என்ற புகாரில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் பிரேக்கே பழுது. இன்னொன்றில் பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, பின் டயருக்குத் தரையில் பிடிப்பு இல்லை. முதல் ரகத்தை ஸ்பேனர் தீர்க்கும். இரண்டாவது ரகத்துக்கு எவ்வளவு பெரிய டிஸ்க் மாட்டினாலும் வண்டி ஓர் அடி முன்னால் நிற்காது.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஃபோர் வீல் டிரைவை எடுத்துவிட்டு, காய்ந்த சமமான மண்தரையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போய், பின் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். சக்கரம் நின்று மண்ணில் கோடு இழுத்தால் பிரேக்கில் சக்தி இருக்கிறது, கழற்ற வேண்டியதில்லை. பெடல் அடிவரை போகிறது, அல்லது பெடல் கல்போல் இறுகியும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால்தான் வேலை.

பின் பிரேக்கால் எவ்வளவு முடியும்

ஒரு சாதாரண வேலைக்கார ஏடிவியை எடுத்துக்கொள்வோம். வண்டி 300 கிலோ, ஓட்டுபவர் 80 கிலோ. முன், பின் அச்சுகளுக்கு நடுவே 1.25 மீட்டர். எடை மையம் சரியாக நடுவில், தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில். டயருக்கும் மண்ணுக்கும் உராய்வு எண் 0.6.

நிற்கும்போது பின் சக்கரங்களில் 190 கிலோ இருக்கும். நான்கு சக்கரமும் முழுதாகப் பிடிக்கும்படி பிரேக் போட்டால் அதில் சுமார் 109 கிலோ முன்னால் போய்விடும். பின்னால் மிஞ்சுவது 81 கிலோ. மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க எவ்வளவு தூரம் என்று போட்டுப் பார்த்தால், இரண்டு பிரேக்கும் சேர்ந்து 10.5 மீட்டர், முன் பிரேக் மட்டும் என்றால் 15 மீட்டர், பின் பிரேக் மட்டும் என்றால் 27 மீட்டர். இந்த 27-ஐ முடிவு செய்வது எடையும் உயரமும் டயரும். டிஸ்க்கின் அளவுக்கு இதில் வேலையே இல்லை.

இனி பிரேக்கின் பக்கம். பெடலில் 20 கிலோ மிதி. பெடலின் நெம்பு விகிதம் 4 என்றால் மாஸ்டர் சிலிண்டர் (மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் குழல்) பிஸ்டனில் 80 கிலோ. மாஸ்டரின் விட்டம் 12.7 மி.மீ., அதாவது பரப்பு 1.27 சதுர செ.மீ. ஆகவே அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 63 கிலோ. கேலிப்பர் (டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் பாகம்) பிஸ்டன் 34 மி.மீ. என்றால் பேடை (டிஸ்க்கில் உரசும் கட்டையை) அமுக்கும் விசை சுமார் 573 கிலோ. பேடின் உராய்வு 0.4, டிஸ்க்குக்கு இரண்டு பக்கம். ஆக 458 கிலோ இழுவை. இது டிஸ்க்கின் மையத்திலிருந்து 95 மி.மீ. தள்ளி வேலை செய்கிறது. டயரின் ஆரம் 300 மி.மீ. தரையில் கிடைப்பது 145 கிலோ.

பின் பிரேக்கை மட்டும் போட்டுச் சக்கரத்தை நிறுத்த 88 கிலோ போதும். அதாவது 12 கிலோ மிதியிலேயே சக்கரம் லாக் ஆகிவிடும். முன் பிரேக்கையும் முழுதாகப் போடும்போது பின்னால் தேவை 49 கிலோதான்; அதற்கு 7 கிலோ மிதி. எனவே சக்திக்குப் பஞ்சமில்லை. நல்ல பின் பிரேக்கின் அடையாளம் வேறு: 5 கிலோவுக்கும் 12 கிலோவுக்கும் நடுவில் கால் சொன்னபடி கேட்க வேண்டும், சேற்றிலும் சூட்டிலும் அதே மாதிரி கேட்க வேண்டும்.

அந்த உபரியைத் தின்பவை சில உண்டு. 25 அங்குல டயருக்குப் பதில் 28 அங்குலம் மாட்டினால் தரையில் கிடைக்கும் 145 கிலோ 130-க்கு இறங்கும். சுற்றும் எடையும் கூடும். பேடில் சேறும் எண்ணெயும் படிந்து உராய்வு 0.15-க்கு விழுந்தால் கிடைப்பது 54 கிலோ. மேலே சொன்ன சோதனையில் சக்கரம் லாக் ஆகாது. பின் கேரியரில் மூட்டை, பின்னால் டிரெய்லர் என்றால் தேவையே கூடும்.

சரிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 20 டிகிரி இறக்கத்தில் இதே வண்டியைக் கீழே இழுக்கும் விசை 130 கிலோ. பின் டயர்கள் இரண்டும் லாக் ஆனாலும் தரக்கூடிய பிடிப்பு 83 கிலோதான். ஆகவே பின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சக்கரம் நின்றபடியே வண்டி வேகமெடுக்கும். பார்க்கிங் பிரேக்கும் பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான். அதே சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தினால் வழுக்கும். மூக்கு மேலே பார்க்க நிறுத்தினால் பின் பிடிப்பு 144 கிலோ, மயிரிழையில் நிற்கும். சரிவுக்குக் குறுக்காக நிறுத்தி, கியரையும் பார்க்கில் போடுவது நல்லது.

என்ன வகை மாட்டியிருக்கிறது

டிரம் பிரேக்: பழைய, சிறிய வண்டிகளில் ஒற்றை அச்சில் ஒரு டிரம். கேபிள் இழுக்கும், கேம் (முட்டை வடிவத் திருகு துண்டு) திரும்பும், இரண்டு ஷூ (டிரம்மின் உட்புறத்தில் உரசும் வளைந்த கட்டைகள்) விரியும். சீல் நன்றாக இருக்கும்வரை சேறு அண்டாது. சீல் போனால் தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும், அப்புறம் காயவே காயாது.

அச்சு டிஸ்க்: ஸ்போர்ட் வண்டிகளில் பொது. இரண்டு பின் சக்கரமும் ஒரே அச்சில் இருப்பதால் ஒரு டிஸ்க், ஒரு கேலிப்பர் போதும். எடை குறைவு. ஆனால் டிஸ்க் கல்லில் அடிபடும் உயரத்தில் தொங்குகிறது. கீழே இருக்கும் காப்புத் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சேறு இறுகி உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். வண்டியைக் கழுவும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

தனி சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும்) வண்டிகள்: சக்கரத்துக்கு ஒரு டிஸ்க் இருக்கலாம், அல்லது பின் கியர் பெட்டியை ஒட்டி ஒரே டிஸ்க் இருக்கலாம். இரண்டாவதில் பிரேக் இழுவை முழுக்க அச்சுத் தண்டுகள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. சிவி ஜாயின்ட் (அச்சுத் தண்டின் வளையும் மூட்டு) தளர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று கேட்கும்.

எண்ணெய்க்குள் மூழ்கிய பல தட்டு பிரேக்: சுசுகி கிங்குவாட் 750-இல் பின்னால் இருப்பது இந்த வகை. தண்ணீர், சேறு எதுவும் தொடாது. கடித்துப் பிடிக்கும் உணர்வு மட்டும் குறைவு. இதில் செய்யக்கூடிய பெரிய தப்பு கையில் கிடைத்த கியர் ஆயிலை ஊற்றுவது. தட்டுகளுக்கு ஏற்ற ரகம் இல்லையென்றால் வழுக்கும், அல்லது முனகும். கையேட்டில் சொன்ன ரகத்தையே ஊற்றுங்கள்.

சில வண்டிகளில் ஃபோர் வீல் டிரைவ் போட்டிருக்கும்போது முன்னும் பின்னும் தண்டால் இணைந்திருக்கும். அப்போது பின் பிரேக் முன் சக்கரங்களையும் கொஞ்சம் பிடிக்கும். இன்னும் சிலவற்றில் முன் டிரைவ் ஒருவழி கிளட்ச் வழியாகப் போகும், பிரேக்குக்கு உதவாது. சோதனையை டூ வீலில் செய்யச் சொன்னது இதனால்தான்.

டிஸ்க் பிரேக்: பேட் மாற்றும் வேலை

முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். கியர் நியூட்ரல், பார்க்கிங் பிரேக் விட்டிருக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டுப் பல மணி நேரம் வீணடிப்பவர்கள் நிறைய. அச்சு பேரிங் தேய்ந்திருந்தால் டிஸ்க் ஆடும். ஆடும் டிஸ்க் பேடை உதைத்துப் பிஸ்டனை உள்ளே தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் அடிவரை போகும், இரண்டாவது மிதியில் சரியாக நிற்கும். பிரேக் ஆயிலில் ஏர் (காற்று) இருக்கிறது என்று நினைத்து மூன்று தடவை ஏர் எடுத்தாலும் அது போகாது. வண்டி நின்றபடி இருக்கும்போது பெடல் நன்றாக இருந்து, மேடுபள்ளத்தில் ஓடிய பிறகு மட்டும் முதல் மிதி காலியாகப் போனால் பேரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேலிப்பரின் பின்பக்கம் பார்க்கிங் பிரேக் கேபிளும், லாக் நட்டுடன் ஒரு அட்ஜஸ்டர் போல்ட்டும் இருந்தால், பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன் லாக் நட்டைத் தளர்த்தி அந்த போல்ட்டைப் பல சுற்று வெளியே எடுங்கள். எடுக்காமல் தள்ளினால் பிஸ்டன் பாதியில் முட்டி நிற்கும். பலவந்தம் செய்தால் உள்ளே இருக்கும் இயக்கம் கெடும்.

பிறகு மாஸ்டர் சிலிண்டர் டப்பாவின் மூடியைத் திறந்து, மேல்மட்டத்தில் இருந்தால் கொஞ்சம் ஆயிலை உறிஞ்சி எடுங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது அந்த ஆயில் திரும்பி வரும், வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

கேலிப்பரை இறக்கி ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் எடை ஏறக்கூடாது. பேடின் உராய்வுப் பொருள் 1 மி.மீ.க்கு வந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒன்று மட்டும் தீர்ந்திருந்தால் கேலிப்பர் வழுக்கி நகரும் கம்பிகள் (பின்கள்) இறுகிவிட்டன. பின்களை உருவி, துருவைத் துடைத்து, ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றி, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸைப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும், சீக்கிரமே பின்கள் மறுபடி இறுகும்.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் ஆறு இடத்தில் அளந்து, மிகக் குறைவாக வரும் அளவை அதனுடன் ஒப்பிடுங்கள். வெர்னியரில் அளந்தால் ஓரத்தில் தேயாத விளிம்பு முட்டி, தடிமனைக் கூட்டிக் காட்டும். கோணல் பார்க்க டயல் கேஜ் (சிறு ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுகோல்) வேண்டும். எல்லை கையேட்டில் இருக்கும்.

பேட் ரகம்: சேற்றில் ஓடும் வண்டிக்குச் சின்டர்டு பேட் (உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்தது). ஆர்கானிக் பேட் (நாரும் பிசினும் கலந்தது) மென்மையாகப் பிடிக்கும், டிஸ்க்கைத் தேய்க்காது, ஆனால் மணல் கலந்த சேற்றில் மிக வேகமாகக் கரையும். சின்டர்டு தாங்கும், பதிலுக்கு டிஸ்க்கைக் கொஞ்சம் தின்னும், சூட்டையும் பிஸ்டன் பக்கம் கூடுதலாகக் கடத்தும். பிரேக் ஆயில் பழசாக இருக்கும் வண்டியில் சின்டர்டு மட்டும் மாட்டினால் நீண்ட இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல் ஆவதற்கு வழி வைத்த மாதிரி. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

மாட்டிய பிறகு போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனரில்) கையேட்டு அளவுக்கு முறுக்குங்கள். அப்புறம் பெடலைப் பலமுறை அழுத்திப் பேடை டிஸ்க்குடன் சேர்க்காமல் வண்டியை நகர்த்தக்கூடாது. பார்க்கிங் அட்ஜஸ்டரை லேசாக முட்டும்வரை உள்ளே திருப்பி, சுமார் எட்டில் ஒரு சுற்று பின்வாங்கி, லாக் நட்டை இறுக்குங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

ஓட ஓட இறுகும் பிரேக்

ஏடிவியில் பின் பிரேக்குக்கு இரண்டு கட்டளை வருவது வழக்கம்: வலது கால் பெடல், இடது கை லிவர். இந்த இரட்டை அமைப்பிலிருந்துதான் விசித்திரமான ஒரு பழுது பிறக்கிறது. புறப்படும்போது பிரேக் சரியாக இருக்கும். அரை மணி நேரத்தில் வண்டி கனக்கும், டிஸ்க் நீலம் பாயும், பேட் கருகும் வாடை வரும். ஆற வைத்தால் மறுபடி சரியாகிவிடும்.

காரணம் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ஊசிமுனை அளவுத் துளை. பெடலை முழுதாக விட்டதும் பிஸ்டன் பின்னால் வந்து இந்தத் துளையைத் திறக்கும். சூட்டில் விரியும் ஆயில் அந்த வழியாக டப்பாவுக்குத் திரும்பும். மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளும் பெடல் தண்டு சற்று நீளமாக வைக்கப்பட்டிருந்தாலோ, கை லிவரின் கேபிள் பெடலை ஒரு மி.மீ. இழுத்துப் பிடித்திருந்தாலோ துளை மூடியே இருக்கும். ஆயில் விரிய இடமில்லை, எனவே பேடை அமுக்கும். அமுக்கினால் இன்னும் சூடு, இன்னும் விரிவு.

சோதிப்பது எளிது. டப்பா மூடியைத் திறந்து, பெடலை மெதுவாக அழுத்துங்கள். முதல் அசைவிலேயே ஆயில் மேல்பரப்பில் சிறு குமிழோ அலையோ எழ வேண்டும். எழவில்லை என்றால் துளை மூடியிருக்கிறது, அல்லது அழுக்கால் அடைத்திருக்கிறது. கேபிளைத் தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது அலை வந்தால் கேபிள்தான் குற்றவாளி. வரவில்லை என்றால் தண்டின் லாக் நட்டைத் தளர்த்தி, பிஸ்டனுக்கும் தண்டுக்கும் நடுவே லேசான ஆட்டம் கிடைக்கும்வரை தண்டைக் குறையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாஸ்டரைப் பிரித்துக் கழுவ வேண்டும். சூடேறி இறுகிய நிலையில் காட்டில் மாட்டிக்கொண்டால், பிளீடர் நிப்பிளை (கேலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகைக்) கால் சுற்று திறந்து மூடுங்கள். ஆயில் பீச்சி, சக்கரம் உடனே விட்டால் இதுதான் நோய் என்பது உறுதி. பீச்சுவது கொதிக்கும் ஆயில், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

ஏர் எடுப்பது

டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 155. டாட் 3-க்கு 205, 140. ஓட்டம் குறைவானாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காக. டாட் 5 சிலிகான் வகை, மற்றதோடு கலக்கவே கூடாது. பெயர் ஒத்திருந்தாலும் டாட் 5.1 வேறு, அது டாட் 4-இன் குடும்பம்.

நிப்பிளில் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் இருக்கும் பாட்டிலில் அமிழ்த்துங்கள். பெடலை அழுத்திப் பிடி, நிப்பிளைக் கால் சுற்று திற, மூடு, அதன்பிறகுதான் பெடலை விடு. இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போகும். ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை டப்பாவை நிரப்புங்கள். ஒருமுறை காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிப்பிள் மெல்லியது, அதை முறுக்க 6 நியூட்டன் மீட்டர் அளவு போதும்.

எவ்வளவு எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருந்தால் நிப்பிள் இருக்கும் திசையைப் பாருங்கள். அது கேலிப்பரின் உச்சியில் இல்லையென்றால் காற்று அதற்கு மேலே ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். கேலிப்பரை அவிழ்த்து, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் தடிமனுக்கு ஒரு மரத்துண்டை வைத்து, நிப்பிள் மேலே வரும்படி சாய்த்து எடுத்தால் ஒரே வாட்டியில் வெளியேறும். ஹோஸ் முனையின் போல்ட்டைக் கழற்றியிருந்தால் செம்பு வாஷர்கள் இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.

பெடல் நீளமாகப் போகிறது என்று மாஸ்டரை 14 மி.மீ.க்கு மாற்றுவது பலர் செய்யும் காரியம். பெடல் உடனே கல்லாகும், பிரேக் வலுவானதுபோல் தோன்றும். உண்மையில் அதே மிதிக்கு அழுத்தம் 18 சதவீதம் குறைந்திருக்கும். கேலிப்பர் பிஸ்டனைப் பெரிதாக்கினால் இதற்கு நேர் எதிர்: விசை கூடும், பெடல் ஆழமாகப் போகும். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். 28 அங்குல டயருக்கு ஈடுகட்ட, நல்ல பேடும் சற்றுப் பெரிய டிஸ்க்குமே போதும்.

டிரம் பிரேக்

லிவரிலும் பெடலிலும் 15 முதல் 20 மி.மீ. வெற்று அசைவு பல மாடல்களின் அளவு. இரண்டு கேபிளும் ஒரே கேம் கையில் சேர்வதால், முதலில் பெடலைச் சரிசெய்து, பிறகு லிவர். கேம் கையில் ஒரு அம்புக்குறி இருக்கும். முழுதாக அழுத்தும்போது அது பிரேக்கின் உடலில் உள்ள கோட்டைத் தொட்டால் ஷூ தீர்ந்தது. அட்ஜஸ்டர் நட்டில் இன்னும் மரை மிச்சமிருக்கிறதே என்று முறுக்கிக்கொண்டே போனால், கேம் படுத்துத் திரும்பி ஷூவை விரித்தபடியே நின்றுவிடும். பிரேக் விடாது.

டிரம்மைத் திறந்ததும் சேறு அல்லது துருத் தண்ணீர் இருந்தால் ஷூ மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். பெரிய சீலின் உதடு, அது உட்காரும் டிரம் விளிம்பு, கேம் தண்டின் சீல், மூச்சுக்குழாய் (டிரம்முக்குள் காற்று போய்வரும் குழாய்) நான்கையும் பாருங்கள். மூச்சுக்குழாய் அடைத்திருந்தால், சூடான டிரம் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி சீல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும். அதிகபட்ச உள்விட்டம் டிரம்மில் பொறித்திருக்கும். கேமுக்கு ஒரு துளி கிரீஸ், லைனிங்கில் (ஷூவின் உராய்வுப் பட்டையில்) பட்டுவிடாமல். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்ததுண்டு.

பதப்படுத்துவதும் கடைசிச் சோதனையும்

புதுப் பேடை மாட்டியதும், மணிக்கு 30 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு, நடுத்தரமாக அழுத்தி, ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஆற விட்டு, இருபது தடவை இறக்குங்கள். முழுதாக நிறுத்திச் சூட்டோடு பிடித்து வைத்தால் அந்த இடத்தில் பேடின் தடம் பதிந்து துடிக்க ஆரம்பிக்கும். பிறகு 10 நிமிடம் பிரேக்கே போடாமல் ஓட்டி, டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீறிப் பறந்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கிறது.

தண்ணீரைக் கடந்தபின் மெதுவாகப் போய்க்கொண்டே இரண்டு பிரேக்கையும் லேசாக நாலைந்து தடவை போட்டால் டிஸ்க் காயும்.

வேலை எவ்வளவு நன்றாக முடிந்திருந்தாலும் ஏற்றத்தில் மட்டும் பின் பிரேக்கைத் தனியாகத் தொடாதீர்கள். ஏற முடியாமல் வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கினால், எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தில் இருக்கும். அந்த நேரம் பின் சக்கரம் லாக் ஆனால் வண்டி அதையே அச்சாக வைத்து மூக்கைத் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே கவிழும். உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்து, முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி நிறுத்துங்கள். முழுதாக நின்றபின் பின் பிரேக், பிறகு பார்க்கிங், அதன்பின் மேட்டுப் பக்கமாக இறங்குங்கள்.